லிஃப்ட்டுக்கு அடியில் நிற்பது யார்?

தளம் போடும் நாள் என்றால் நம் தெரு கோழி கூவுவதற்கு முன்பே எழுந்துவிடும். தூக்குச்சட்டியில் சோறு, புடவைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, தலைக்குச் சும்மாடாக ஒரு பழந்துணி. குட்டியானை வண்டியில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள். பின்னாலேயே டிராக்டரில் மாட்டிய மிக்சர் மிஷின், லிஃப்ட் கோபுரத்தின் இரும்புச் சட்டங்களைச் சுமந்துகொண்டு குலுங்கி வரும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் வாரத்துக்கு நாலு நாள் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் போய் வேலை செய்கிறவர்களும் இதே ஆட்கள்தான்.

அந்த லிஃப்ட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். சாதியைப் பற்றி எழுதும் பத்தியில் மிஷினைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். படித்து முடிக்கும்போது இரண்டுக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்த மிஷினுக்கு நாம் எதிரி கிடையாது. நம் அம்மாக்களின் தலையைக் கேட்டால் தெரியும். லிஃப்ட் வருவதற்கு முன்பு, சவுக்குக் கம்பில் கட்டிய பலகைச் சாரத்தில் வரிசையாக நின்று, கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றியவர்கள் அவர்கள். கழுத்து வலியும் இடுப்பு வலியும் இறங்கிய கர்ப்பப்பையும் அந்தக் காலத்து மிச்சங்கள். தலைச்சுமை ஏற்றுவதற்கென்றே ஒரு பிறவி உண்டு என்று நம்பிய ஊரில், அந்தச் சுமையை ஒரு இரும்புத் தொட்டி வாங்கிக்கொண்டது நமக்கு நல்ல சேதிதான். ஆனால் அந்தத் தொட்டி நம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் கயிறு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

ஒரு மழைத் தூறலில் நடந்தது

சென்ற ஐப்பசியில் நம் தெருவைச் சேர்ந்த ஓர் அக்கா தளம் போடும் வேலைக்குப் போனார். இரண்டாம் மாடித் தளம். மதியத்துக்கு மேல் தூறல். மழை பெரிதாகும் முன் முடித்துவிட வேண்டும் என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்டுக்கு அடியில் சிந்திய கலவையை வாரிப் போடச் சொன்னார்கள். அக்கா குனிந்து மண்வெட்டியால் வாரும்போது, பாதி உயரத்தில் இருந்த தொட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தொட்டி அவர் இடுப்பின் ஓரத்தில் அடித்து, காலின் மேல் உட்கார்ந்தது.

உயிர் பிழைத்தார். இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி சட்டி தூக்க முடியாது. மறுநாள் மாலை மிஷின்காரரும் மேஸ்திரியும் வந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வந்தார். கையில் கொஞ்சம் பணம், ஒரு வெள்ளைத் தாள், ஒரு மைப்பெட்டி. கவனக்குறைவால் நடந்தது, யார் மேலும் புகார் இல்லை என்று எழுதிய தாளில் அக்கா பெருவிரல் வைத்தார். காவல் நிலையத்துக்குப் போகவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கும் போகவில்லை. அந்த மேஸ்திரியிடம் தெருவில் பாதிப்பேர் முன்பணம் வாங்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கைநாட்டு விளங்கும்.

யாருடைய கவனக்குறைவு என்று அந்தத் தாளில் எழுதவில்லை. எல்லோரும் புரிந்துகொண்டது, அக்காவின் கவனக்குறைவு என்றுதான்.

மிஷின் முன்கூட்டியே சொல்லியது

உண்மையில் அன்று நடந்தது என்ன? இந்த வகை லிஃப்ட்டில் தொட்டியை ஏற்றுவது என்ஜின். இறக்குவது தொட்டியின் சொந்த எடை. கிளட்ச்சை விட்டுவிட்டு, பிரேக்கைக் கையால் அமுக்கி அமுக்கித்தான் ஆப்பரேட்டர் அதைக் கீழே விடுகிறார். ஆக, நடுவில் தொட்டியை நிறுத்தி வைத்திருப்பது பிரேக் லைனர் ஒன்றுதான். லைனர் தேய்ந்திருந்தால், அல்லது மழைத் தண்ணீரோ கிரீஸோ அதில் பட்டிருந்தால், பிடி வழுக்கும். அன்று காலையிலிருந்தே பிரேக் இழுக்கிறது என்று ஆப்பரேட்டர் இரண்டு முறை சொன்னாராம். வேலை முடியட்டும் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். மிஷின் முன்கூட்டியே எச்சரித்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இதில் விதி எங்கே இருக்கிறது? தேய்ந்த லைனர் இருக்கிறது. அடியில் ஆள் போகாமல் தடுக்க வேண்டிய வேலி இல்லாமல் இருக்கிறது. தொட்டி மேலே இருக்கும்போது அடியில் வாரச் சொன்ன வாய் இருக்கிறது. மூன்றில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் அக்கா இன்று நடந்திருப்பார்.

பார்த்தாலே தெரியும் பழுதுகள்

மிஷினைச் சோதிக்க என்ஜினியர் வேண்டும் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை தகுதி பெற்றவர் முழுதாகச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது உண்மை. ஆனால் தினமும் காலையில் பார்க்க வேண்டியவை கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிறவைதான்.

கயிற்றிலிருந்து தொடங்குவோம். கம்பிக் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. முதலில் ஒன்றிரண்டு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டு நிற்கும். கையுறை போட்டு, அல்லது ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து, மிஷின் நிற்கும்போது இழுத்துப் பார்த்தால் துணி மாட்டும். சட்ட விதி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கயிற்றின் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்த இழைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அறுந்து தெரிந்தால் அந்தக் கயிற்றைப் பயன்படுத்தவே கூடாது. துருப்பிடித்து மெலிந்ததும், மடங்கி முறுக்கிக்கொண்டதும், ஓரிடத்தில் நசுங்கியதும் அப்படியே. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டுவது கொலைக்குச் சமம்.

அடுத்து, கயிற்றின் நுனியைத் தொட்டியோடு பிணைக்கும் கிளாம்ப். குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வளைந்த யு போல்ட், பாரம் இல்லாத குட்டை நுனியின் மேல் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் பாரம் தாங்கும் கயிற்றையே அது கடித்துவிடும். தொட்டி தரையில் இருக்கும்போதும் டிரம்மில் இரண்டு மூன்று சுற்றுக் கயிறு மிச்சம் இருக்க வேண்டும். உச்சியில் இருக்கும் கப்பி சுழல்கிறதா, கயிறு அதன் பள்ளத்தில் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக்கைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். காலையில் முதல் தொட்டியைக் கலவையோடு ஒரு அடி உயரம் தூக்கி நிறுத்துங்கள். அப்படியே நின்றால் சரி. அங்குலம் அங்குலமாக இறங்கினால் வேலையைத் தொடங்கக் கூடாது. மழை பிடித்தால் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

கோபுரம் கெட்டியான தரையில் நிற்க வேண்டும். நாலு செங்கல்லை அண்டக் கொடுத்த இடத்தில் மழை பெய்தால் மண் இளகிச் சாயும். ஒவ்வொரு மாடியிலும் கட்டடத்தோடு இரும்புக் குழாயால் பிணைத்திருக்க வேண்டும், தேங்காய் நார்க் கயிற்றால் அல்ல. கோபுரத்தை நிறுத்தும் முன் அண்ணாந்து பார்க்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் ஒரு சட்டத்தையும் தூக்கக் கூடாது. மாடி விளிம்பில் வைக்கும் சின்னக் கரண்ட் லிஃப்ட்டாக இருந்தால் எர்த் கம்பி வேண்டும், கசிவு வந்தால் தானாக நிற்கும் டிரிப் சுவிட்ச் வேண்டும். அதன் வாலில் வைக்கும் எடை இரண்டு மணல் மூட்டையாக இருக்கக் கூடாது. மூட்டை கிழிந்து மணல் கொட்டினால் மிஷின் முழுவதும் கீழே வரும்.

கடைசியாக ஆட்கள். கோபுரத்தின் நாலு பக்கமும் ஆள் உள்ளே போகாதபடி தடுப்பு. மேலே தொட்டி வந்து நிற்கும் இடத்தில் ஒரு கதவு அல்லது குறுக்குக் கம்பி. தொட்டியை வாங்கக் குனிந்து விழுந்தவர்கள் உண்டு. சைகை காட்ட ஒரே ஒருவர். ஆனால் நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். சாமான் லிஃப்ட்டில் ஆள் ஏறவே கூடாது, சாப்பாட்டுக்கு இறங்க அவசரம் என்றாலும் சரி. மிக்சரின் தூக்குத் தொட்டிக்கு அடியில் சுத்தம் செய்யப் போனால், அதை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, என்ஜினை அணைத்த பிறகே போக வேண்டும். பெல்ட்டுக்கு மூடி வேண்டும். முந்தானையும் பின்னலும் அதில் சிக்கினால் என்னாகும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பரேட்டருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கு வந்த பையனிடம் லிவரைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவது குற்றம்.

அறிவும் சாதியும்

இவ்வளவையும் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இருபது வருடம் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற நம் பெண்களில் எத்தனை பேருக்கு இதில் ஒன்றையாவது யாராவது சொல்லிக் கொடுத்தார்கள்? கட்டட வேலையில் யார் எங்கே நிற்பது என்பதற்கு எழுதாத ஒரு வரிசை இருக்கிறது. கரணை பிடிப்பவர், லிவர் பிடிப்பவர், சட்டி பிடிப்பவர். வரிசையின் கடைசியில் நிற்பது பெரும்பாலும் காலனிப் பெண்கள். சித்தாளாகச் சேர்ந்தவர் முப்பது வருடம் கழித்தும் சித்தாளாகவே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அவருக்குக் கூலி குறைவு, ஆபத்து அதிகம், தகவல் பூஜ்யம். சாரம் எங்கே சரியும், தொட்டி எப்போது இறங்கும் என்று தெரிந்தவர்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்கிறார்கள். தெரியாதவர்களை அடியில் நிறுத்துகிறார்கள்.

படிப்பை மறுத்ததுதான் நமக்குச் செய்யப்பட்ட முதல் அநீதி என்போம். மிஷினைப் பற்றிய படிப்பும் அதில் சேர்த்தி. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தார் என்பதை நம் மேடைகளில் போதிய அளவு சொல்வதில்லை. சட்ட மேதையாக மட்டும் அவரைப் பார்க்கும் பிள்ளைகள், வேலை நேரம், கூலி, தொழிலாளர் நலம் என்று அவர் போட்ட கோப்புகளையும் படிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்து மரியாதையும் பாதுகாப்பும் அவர் பார்வையில் தனித்தனி விஷயங்களாக இருந்ததில்லை.

சட்டம் நம் வாசல் வரை வருகிறதா?

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் மத்திய சட்டம் வந்தது. 1998-ல் அதற்கு விதிகள் வந்தன. மேலே சொன்ன பலவும் அந்த விதிகளில் இருப்பவை. அதற்கும் முன்பே 1994-ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. இப்போது பழைய சட்டங்களின் இடத்தில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

ஆனால் ஒரு ஓட்டை தொடர்கிறது. சொந்தக் குடியிருப்புக்காக ஒருவர் கட்டும் வீடு, குறிப்பிட்ட செலவுக்குள் இருந்தால் சட்டத்தின் கட்டுமானப் பாதுகாப்பு அதைத் தொடாது. பழைய சட்டத்தில் அந்த வரம்பு 10 லட்சம். புதிய தொகுப்பில் அது 50 லட்சம். நம் கிராமங்களிலும் சின்ன நகரங்களிலும் எழும்பும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வந்துவிடும். தளம் போடும் நாளில் அந்த வீட்டில் இருபது பேர் வேலை செய்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஒரு தனி மனிதரின் வீட்டு வேலை. மாடி வீட்டில் விழுகிற தொட்டி, செலவுக் கணக்கைப் பார்த்தா விழுகிறது?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மிஷின்காரர்கள் எல்லோரும் பெரிய முதலாளிகள் இல்லை. பலர் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி ஒரே ஒரு மிஷின் வைத்திருப்பவர்கள். அவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் வாடகை நின்றால் தவணை நிற்கும். மேஸ்திரிக்கோ பாதித் தளத்தில் வேலை நின்றால் கலவை இறுகி, வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய அடுப்பு. எல்லோருக்கும் நெருக்கடிதான். ஆனால் இந்த நெருக்கடியின் விலையைக் கடைசியில் கொடுப்பது எப்போதும் ஒரே ஆள்தான் என்பதுதான் நம் வழக்கு. தவணை தவறினால் மறுமாதம் கட்டலாம். கால் போனால் மறுமாதம் வராது.

என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியது முதலில். கலைஞரின் கனவு இல்லம், பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் என்று அரசுப் பணத்தில் வீடுகள் எழும்புகின்றன. அந்த வீடுகளிலாவது, ஆண்டுச் சோதனைச் சான்று இல்லாத மிக்சருக்கும் லிஃப்ட்டுக்கும் அனுமதி இல்லை என்று ஓர் உத்தரவு போடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒன்றிய அளவில் மாதம் ஒரு நாள் சோதனை முகாம் வைத்து, மிஷின்களைப் பார்த்து, தேதி போட்ட தகடு ஒன்றை அடித்து அனுப்பலாம். சின்ன மிஷின்காரருக்கு அதைக் கட்டணமில்லாமல் செய்ய வேண்டும். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வசூலிக்கும் நல வரி இந்த மாதிரி வேலைக்குப் பயன்படட்டும்.

தாட்கோ மூலம் மானியத்தோடு தொழில் கடன் வாங்க வழி இருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு குழு மிக்சர் லிஃப்ட் ஒன்றை வாங்கி, இரண்டு பேர் ஆப்பரேட்டர் பயிற்சி பெற்றால், வரிசையின் கடைசி ஆள் முதல் ஆளாகலாம்.

நம் தெருவில் செய்ய வேண்டியதும் உண்டு. மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. தொழிலாளர் தினத்தன்றே கூடும் சபையில், நம் ஊராட்சி எல்லையில் தடுப்பு இல்லாமல் லிஃப்ட் ஓடக் கூடாது என்று ஒரு தீர்மானம் கேட்கலாம். நல வாரியத்தில் பதியாதவர்கள் இந்த மாதமே பதிய வேண்டும், பதிந்தவர்கள் புதுப்பிக்க வேண்டும். விபத்து நடந்தால் எந்தத் தாளிலும் உடனே கைநாட்டு வைக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்க்கும்போதே வேலையிடத்து விபத்து என்று எழுதச் சொல்ல வேண்டும். கீழே விழுந்தார் என்று மட்டும் எழுதினால் பிறகு எந்த உதவியும் வராது. மிஷினையும் அறுந்த கயிற்றையும் அப்புறப்படுத்தும் முன் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். பிறகு காவல் நிலையம், அதன் பிறகு மாவட்டத் தொழிலாளர் அலுவலகம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படிக்கிற நம் பிள்ளைகள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வேலை செய்யும் மிஷினை ஒருமுறை போய்ப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் படித்த பிரேக்கும் கப்பியும் அங்கே இருக்கின்றன. கயிற்றைப் பார்த்து வந்து, சாப்பிடும்போது அம்மாவுக்குச் சொல்லுங்கள். படித்ததன் பயன் வீட்டுக்கு வர வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிரேக் பிடிக்காத மிஷினில் வேலை செய்ய மாட்டோம் என்று ஒருவர் சொன்னால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். இருபது பேரும் சொன்னால் லைனரை மாற்றுவார்கள். தளம் போடும் நாளில் இருபது பேர் இல்லாமல் எந்த மேஸ்திரியும் வேலையைத் தொடங்க முடியாது. அந்த ஒரு நாள் பலம் நம்மிடம்தான் இருக்கிறது.

அக்காவை அடித்த அந்த மிஷின் இப்போதும் ஓடுகிறது. அந்த வாரமே புது லைனர் போட்டுவிட்டார்கள். அரை நாளில் வேலை முடிந்ததாம், செலவு ஒரு நாள் வாடகையைத் தாண்டவில்லையாம். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அக்காதான் இதை நம்மிடம் சொன்னார். "இதை முந்தின நாளே போட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். நாளைக் காலை குட்டியானையில் ஏறுகிறவர்கள், முதல் தொட்டி ஏறும் முன் அந்தக் கேள்வியை மிஷின்காரரிடம் கேளுங்கள்.